.303 ஏன் .315 ஆனது? மான் வேட்டை, தோள் வலி, ஒரு சட்டம்



வியாசர்பாடிக்காரன் துப்பாக்கி பற்றி எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். சினிமாக்காரர்கள் நம்ம ஏரியாவுக்கு ஒதுக்கி வைத்திருப்பது கத்தியும் உருட்டுக்கட்டையும்தான் :-) நிஜத்தில் நம்மில் பெரும்பாலானவர்கள் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே துப்பாக்கி, பேங்க் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் மடியில் வைத்திருக்கும் இரட்டைக்குழல்தான்.

ஆனால் இந்தக் கட்டுரை பேங்க் துப்பாக்கி பற்றியது இல்லை. அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் ஓயாமல் பேசும் ஒரு கேள்வி உண்டு: முதல் முறையாக மான் வேட்டைக்குப் போகிறவர், தோளை அதிகம் உதைக்காத எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கலாம்? அங்கே இதற்குப் பதில் சுலபம். 1955ல் வந்த .243 வின்செஸ்டர், 1980ல் வந்த 7 மி.மீ-08, 2007ல் வந்த 6.5 கிரீட்மோர் என்று கடைக்காரர் வரிசையாக எடுத்து வைப்பார். உடம்புக்கும் பர்ஸுக்கும் ஏற்றதை வாங்கிக்கொண்டு போகலாம்.

இதே கேள்வியை நம்ம ஊர் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது. இங்கே எந்தத் தோட்டா கிடைக்கும் என்பதை மானின் உடம்போ மனிதனின் தோளோ முடிவு செய்யவில்லை. அரசாங்கத்தின் பயம் முடிவு செய்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மான் வேட்டை குற்றம், ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். இது வேட்டைக்கு வழிகாட்டி இல்லை, வரலாறு மட்டுமே.

உதை என்றால் என்ன?

ஸ்கூலில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். காசிமேட்டில் ஒரு சின்னப் படகிலிருந்து பக்கத்துப் படகுக்குத் தாவினால், நீங்கள் முன்னால் போகும்போது காலடியில் இருந்த படகு பின்னால் போகும். பெரிய விசைப்படகிலிருந்து தாவினால் அது அசைந்ததே தெரியாது. துப்பாக்கியிலும் அதே கதைதான். குண்டு முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கிறது.

உதை எவ்வளவு என்பது முக்கியமாக மூன்று விஷயங்களைப் பொறுத்தது: குண்டும் மருந்தும் எவ்வளவு எடை, எவ்வளவு வேகத்தில் வெளியே போகின்றன, துப்பாக்கி எவ்வளவு கனம். துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும். ஆனால் மலையில் நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இதில் லாபம் பார்த்தால் அதில் நஷ்டம். பேலன்ஸ் ஷீட் மாதிரி இரண்டு பக்கமும் சரிக்கட்ட வேண்டும்.

தோள் வலி என்ன பெரிய விஷயம், ஆம்பிளை தாங்க மாட்டானா என்று கேட்கலாம். விஷயம் வலியோடு முடிவதில்லை. உதை பலமாக இருந்தால், சுடுகிறவர் அதை எதிர்பார்த்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்வார், தோளைச் சுருக்குவார், துப்பாக்கியை லேசாக வெட்டி இழுப்பார். இது தைரியத்தில் குறை இல்லை, உடம்பு தானாகச் செய்வது. முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். மான் அந்த இடத்தில் விழாது. காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் கிடந்து சாகும். ஆக, உதை குறைந்த தோட்டா என்பது சுடுகிறவனின் சொகுசு மட்டும் இல்லை. சாகப்போகும் மிருகம் எவ்வளவு நேரம் துடிக்கும் என்பதும் அதில் இருக்கிறது.

அதற்காகத் தோட்டாவை ரொம்பச் சின்னதாக்கவும் முடியாது. ரைஃபிள் கிளப்பில் காகித இலக்கைச் சுடும் .22 கிட்டத்தட்ட உதைக்கவே உதைக்காது. அதால் மானைச் சுட்டால் காயம்தான் படும். இதனால்தான் இங்கிலாந்தின் 1991 மான் சட்டம், பெரிய வகை மான்களைச் சுட ரைஃபிளின் விட்டம் குறைந்தது .240 அங்குலம் இருக்க வேண்டும், குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டு (சுமார் 2,300 ஜூல்) இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. மேலே உதை, கீழே இந்த எல்லை. நடுவில் இருக்கும் இடுக்குதான் நல்ல மான் தோட்டாவின் இடம்.

21 பவுண்டு துப்பாக்கியும் ஒரு கத்தியும்

அந்த இடுக்கைக் கண்டுபிடிக்க வேட்டைக்காரர்களுக்கு வெகுகாலம் ஆனது. 1840களில் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கரைப் பாருங்கள். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பெயர் வாங்கியவர். 1848ல் நுவரெலியாவில் குடியேறிய இவர், இலங்கையில் தன் வேட்டை வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

யானைக்கும் காட்டெருமைக்கும் அவர் வைத்திருந்த பெரிய ரைஃபிள், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் கம்பெனி செய்து கொடுத்தது. எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. குண்டு 3 அவுன்ஸ், சுமார் 85 கிராம். ஒரு தடவை சுட 1 அவுன்ஸ் கருமருந்து. இன்றைய மான் ரைஃபிளின் குண்டு 9 அல்லது 10 கிராம்தான். வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஆப்பிரிக்காவுக்கு அவர் கொண்டுபோன துப்பாக்கி இதையும் தூக்கிச் சாப்பிட்டது. அரை பவுண்டு குண்டு போடுவது. சுட்டால் ஆளையே சுழற்றிவிடும். அதன் செல்லப்பெயர் 'பேபி'! பேக்கரே அதை அபூர்வமாகத்தான் சுட்டார்.

இந்த மனிதர் நுவரெலியா மலைகளில் மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கியை எடுத்துப் போனார் தெரியுமா? பல நேரங்களில் எதுவுமே இல்லை. நாம் கடமான் அல்லது மிளா என்கிறோமே, இலங்கைத் தமிழில் மரை, அதை நாய்க்கூட்டத்தை விட்டுத் துரத்திக் கத்தியால் குத்திக் கொல்வதுதான் அவருக்குப் பிடித்த வேட்டை. வீரம் என்று அவர் நினைத்திருக்கலாம். மானின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ரொம்பக் கொடூரமான சாவு.

பேங்க் துப்பாக்கி சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அதை '12 போர்' என்கிறார்களே, ஏன்? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால், ஒரு உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக நுழையும். அவ்வளவுதான். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 4 போர் என்றால் ஒரு பவுண்டுக்கு நாலே உருண்டை.

ஊட்டியும் புகையில்லா மருந்தும்

இப்போது நம் பக்கத்து மலைக்கு வருவோம். நீலகிரியில் வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் கடமான், புள்ளிமான், வரையாடு என்று சுட்டுத் தள்ளினார்கள். ஒரு கட்டத்தில் சுடுவதற்கே மிருகம் இல்லாமல் போய்விடும் என்று அவர்களுக்கே பயம் வந்தது. 1877ல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கப்பட்டது. 1879ல் மெட்ராஸ் அரசாங்கம் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வேட்டைக்கு லைசென்ஸ், இன்ன மாதத்தில் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாம் வந்தன. காட்டைக் காப்பாற்ற இது உதவியது, மறுக்க முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கண்ணியும் வலையும் வைத்துச் சாப்பாட்டுக்கு வேட்டையாடிய மலை மக்கள், இதே காலத்தில்தான் 'திருட்டு வேட்டைக்காரர்கள்' ஆனார்கள்.

அந்தக் காலத்து மான் ரைஃபிள்கள் 'எக்ஸ்பிரஸ்' வகை. .450, .500 விட்டத்தில், கருமருந்தை நிறையப் போட்டு, ஓரளவு லேசான குண்டை வேகமாக அனுப்புவது. ரயில் மாதிரி நேராகப் போகும் என்றுதான் அந்தப் பெயர். பழைய பீரங்கிகளை விட இது எவ்வளவோ மேல். ஆனாலும் உதை குறையவில்லை. சுட்டதும் கண் முன்னால் வெள்ளைப் புகை மண்டலம். மான் விழுந்ததா ஓடியதா என்று புகை கலைந்த பிறகுதான் தெரியும்.

நிலைமையை மாற்றியது ஒரு பிரெஞ்சு வேதியியலாளர். 1884ல் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். கொஞ்சம் மருந்திலேயே நிறைய சக்தி கிடைத்ததால் குண்டைச் சின்னதாக்க முடிந்தது. 11 மி.மீ குண்டுகள் போய் 8, 7, 6.5 மி.மீ குண்டுகள் வந்தன. பிரிட்டிஷ் ராணுவம் 1888ல் .303ஐ எடுத்துக்கொண்டது. அதற்கான 'கார்டைட்' மருந்தைச் செய்ய நம்ம நீலகிரியிலேயே, குன்னூர் பக்கம் அரவங்காட்டில், 1903-04 வாக்கில் ஒரு தொழிற்சாலை வந்தது. அது இன்றும் ஓடுகிறது. 2021ல் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் போனது.

சின்னக் குண்டில் ஒரு சிக்கல் இருந்தது. முழுக்க உலோக உறை போட்ட குண்டு உடம்புக்குள் ஊசி மாதிரி புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். மான் உடனே சாகாது. இதற்கான தீர்வும் இந்தியாவோடு சம்பந்தப்பட்டதுதான். 1890களின் பிற்பாதியில் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில், முனையில் உறை இல்லாத, பட்டதும் விரியும் குண்டைச் செய்தார்கள். 'டம்டம் புல்லட்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1899 ஹேக் மாநாடு போரில் இப்படி விரியும் குண்டுகளுக்குத் தடை போட்டது. வேட்டையில் மட்டும் அதே தத்துவம் நிலைத்துவிட்டது. மனிதனுக்குக் கொடுமை என்று தடை செய்யப்பட்ட ஒன்று, மானுக்குச் சீக்கிரமான சாவு என்பதால் விரும்பப்படுகிறது. யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது.

ஆக, 1890களிலேயே உதை குறைந்த மான் தோட்டா உலகத்தில் தயார். ஜெர்மானிய மவுசர் கம்பெனியின் 7 மி.மீ, ஸ்வீடன், நார்வே நாடுகளின் 6.5 மி.மீ (1894), ஆஸ்திரியாவின் மான்லிக்கர் 6.5 மி.மீ எல்லாம் வந்துவிட்டன. ஜிம் கார்பெட் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907ல் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி ரைஃபிளின் தோட்டா, அந்த 7 மி.மீ மவுசரேதான். இங்கிலீஷ்காரர்கள் வேறு பெயர் வைத்து விற்றார்கள். இன்று எல்லோரும் கொண்டாடும் 6.5 கிரீட்மோரும், 130 வருஷத்துக்கு முந்தைய ஸ்வீடன் தோட்டாவுக்குத் தம்பி முறைதான்.

கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?

தோட்டா தயார். அதை யார் வாங்கலாம்?

வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878ல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் அதிலிருந்து விலக்கு. 1857 கலகம் முடிந்து இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. பயம் இன்னும் போகவில்லை. ராணுவத்திலேயே இந்தியச் சிப்பாய்க்கு ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான். வெள்ளைக்காரச் சிப்பாய் மார்ட்டினி-ஹென்றி வைத்திருந்தபோது இவர்கள் கையில் ஸ்னைடர். அவர்கள் .303க்குப் போனதும், கழித்துப் போட்ட மார்ட்டினி இவர்களுக்கு வந்தது. மார்ட்டினியின் உதை ஊர் அறிந்தது.

இந்தச் சட்டத்தை எதிர்த்த குரல் நம்ம சென்னையில்தான் ஓங்கி ஒலித்தது என்பது எனக்குப் பிடித்த தகவல். 1887 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடு மெட்ராஸில் நடந்தது. தலைவர் பத்ருதீன் தயாப்ஜி. அங்கே ஆயுதச் சட்டத்தைப் பற்றிக் காரசாரமாக விவாதம் நடந்து, அதைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இளைஞராக இருந்த பிபின் சந்திர பால், இனத்தைப் பார்த்துப் பாகுபாடு செய்யும் அந்தச் சட்டமே வேண்டாம் என்று பேசினார். முப்பது வருஷம் கழித்து, அகிம்சையே மூச்சாக இருந்த காந்தியும் 1918ல் இதே சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். சுட வேண்டும் என்ற ஆசையால் இவர்கள் பேசவில்லை. ஒரே ஊரில் ஒருவனை நம்புவதும் இன்னொருவனைச் சந்தேகப்படுவதும்தான் அவர்களுக்கு உறுத்தியது.

நம்ம ஏரியாவுக்கே அந்த உறுத்தல் ரொம்பப் பக்கம். பெரம்பூர் ரயில்வே பட்டறை 1856ல் இருந்து இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்த ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் தொண்டர் படையில் சேர்ந்து ரைஃபிள் பயிற்சி எடுத்தார்கள். மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ரைஃபிள்ஸ் என்ற படையே இருந்தது. அதே ரயில்வேயில் சுத்தியல் பிடித்த தமிழ்த் தொழிலாளிக்கு அந்தப் படையில் இடம் இல்லை. எந்தத் தோட்டா தோளுக்கு இதம் என்று ஒருவர் யோசிக்கலாம். பக்கத்தில் வேலை பார்க்கிறவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

தடை போட்டால் பதிலிப் பொருள் வரும்

இனிமேல்தான் ஒரு பி.காம் மாணவனுக்குச் சுவாரசியமான பகுதி. ஒரு பொருளைத் தடை செய்தால் சந்தை சும்மா இருக்காது, அதற்குப் பதிலிப் பொருளைக் கண்டுபிடிக்கும் என்று எக்கனாமிக்ஸில் படிக்கிறோம் அல்லவா? அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ட்டினி-ஹென்றி .450 விட்டம். நாட்டில் பழைய மார்ட்டினிகள் நிறைய. வேட்டைக்காரர்களுக்கென்று இறக்குமதியாகும் .450 குண்டுகள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று அரசாங்கம் பயந்தது. 1907 வாக்கில் இந்தியாவுக்குள் .450 இறக்குமதி தடை செய்யப்பட்டது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்தியா பெரிய மார்க்கெட். விடுவார்களா? .470, .465, .475, .476 என்று வரிசையாகப் புது அளவுகளை இறக்கினார்கள். எல்லாம் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும், எண் மட்டும் வேறு. இன்றும் உலகம் முழுக்க யானைத் துப்பாக்கிக்கு இலக்கணமாகச் சொல்லப்படும் .470, இந்தியாவில் போட்ட ஒரு தடையால் வளர்ந்தது.

.303க்கும் அதே விதி. அது ராணுவத் தோட்டா. எந்தச் சிப்பாயாவது திருடி விற்றால்? எல்லைப்புறத்தில் ரைஃபிள் திருட்டு பெரிய தலைவலியாக இருந்த காலம் அது. தனியார் கையில் .303 இருக்கக் கூடாது என்றார்கள். அதனால் பர்மிங்காம் நகரத்து பி.எஸ்.ஏ கம்பெனி ஒரு வழி செய்தது. அதே லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ மான்லிக்கர் தோட்டா போகும்படி அறையைக் குடைந்து இந்தியாவுக்கு அனுப்பியது. 8 மி.மீட்டரை அங்குலத்தில் சொன்னால் .315! ஆஸ்திரியத் தோட்டா இந்தியப் படை முகாம்களில் கிடைக்காது, திருடிய .303 தோட்டா இந்த அறையில் சுடாது. அரசாங்கத்துக்கு நிம்மதி, கம்பெனிக்கு வியாபாரம்.

தோளின் கதை என்ன ஆனது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குண்டின் எடையை (கிராம்) அதன் வேகத்தால் (வினாடிக்கு மீட்டர்) பெருக்கினால் உதையின் பெரும்பகுதி தெரிந்துவிடும். மருந்தின் பங்கை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்களின் அளவுகள் இவை:

மார்ட்டினி-ஹென்றி: 31 கிராம், 410 மீட்டர். பெருக்கினால் சுமார் 12,700.
8 மி.மீ மான்லிக்கர் (.315): 15.8 கிராம், 620 மீட்டர். சுமார் 9,800.
.303 (1910 மாடல் தோட்டா): 11.3 கிராம், 744 மீட்டர். சுமார் 8,400.
7 மி.மீ மவுசர்: 11.2 கிராம், 700 மீட்டர். சுமார் 7,800.
6.5 மி.மீ மான்லிக்கர்: 10.4 கிராம், 690 மீட்டர். சுமார் 7,200.

ஒரே எடையுள்ள துப்பாக்கியில் உதையின் ஆற்றல் இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் .315, தடை செய்யப்பட்ட .303ஐ விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாக உதைக்கும். 6.5 மி.மீட்டரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மானைக் கொல்ல அந்த அதிகப்படி தேவையே இல்லை. கலகம் வந்துவிடுமோ என்று ஒரு அரசாங்கம் பயந்ததற்கான வரியை, சுட்டவனின் தோள் கட்டியது. தோள் சுருங்கியபோதெல்லாம் மானும் கட்டியது.

அப்படியானால் .275 ரிக்பியும் 6.5 மான்லிக்கரும் சட்டப்படி கிடைத்திருக்குமே என்று கேட்பீர்கள். கிடைத்தன. கவர்னர்களும் ஜமீன்களும் பெரிய அதிகாரிகளும் லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். பணமும் செல்வாக்கும் இருந்தவர்களுக்கு எப்போதும் தேர்வு இருந்தது. எதிர்க்கோடியில் நரிக்குறவர் மக்களைப் பாருங்கள். வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிதான் அவர்கள் கையில் இருந்தது. கொக்கும் காடையும் நரியும்தான் வேட்டை. அவர்களிடம் போய் எந்தத் தோட்டா வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

வெள்ளைக்காரன் போன பிறகு

1947ல் ஆட்சி மாறியது, பயம் மாறவில்லை. 1959ல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி 1962ல் நடைமுறைக்கு வந்தது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டாவைச் சுடும் ஆயுதங்கள் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது என்ற பழைய தத்துவம் அப்படியே தொடர்ந்தது. கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, பி.எஸ்.ஏ காட்டிய வழியிலேயே .315 ரைஃபிளைச் செய்து விற்றது. வெளிநாட்டு இறக்குமதி இறுகிப்போனதும், லைசென்ஸ் வாங்கிய இந்தியனுக்குப் பல வருஷங்கள் 'சென்டர்ஃபயர் ரைஃபிள்' என்றால் .315 மட்டும்தான். பிறகு .30-06ம் வந்தது. அதன் உதையும் குறைவு இல்லை! ஆஸ்திரியாவே கைவிட்ட ஒரு தோட்டா, இந்தியச் சட்டப் புத்தகத்தின் புண்ணியத்தில் நூற்றாண்டு தாண்டி வாழ்கிறது.

மான்களின் கதைக்கு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. அந்தச் சட்டத்திலும் முதலில் லைசென்ஸ் வேட்டைக்கு வழி இருந்தது. 1991 திருத்தம்தான் அந்த வழியை அடைத்தது. இடையில் மனிதர்களும் மாறினார்கள். நீலகிரியில் ஈ.ஆர்.சி. டேவிதார் போன்றவர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கணக்கெடுப்பு நோட்டை எடுத்தார்கள். 1963ல் அவர் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தது இன்றும் ஆய்வாளர்களுக்கு ஆரம்பப்புள்ளி.

இன்று சென்னையில் மானைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸோ எலெக்ட்ரிக் ட்ரெயினோ பிடித்து கிண்டி பக்கம் போனால் போதும். ஒரு காலத்தில் கவர்னர் மாளிகையின் வளாகமாக இருந்த காடு, 1978ல் தேசியப் பூங்கா ஆனது. 2.7 சதுர கிலோமீட்டர் இடத்தில் வெளிமானும் புள்ளிமானும் மேய்கின்றன. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கவர்னரும் ரயில்வே தொழிலாளியும் ஒரே பாதையில்தான் நடக்க வேண்டும்.

உதை குறைந்த தோட்டாவைத் தேடுவது நியாயமான தேடல்தான் என்பது என் கருத்து. கொல்வது என்று முடிவு செய்துவிட்டால் சுத்தமாகக் கொல்ல வேண்டும் என்ற பொறுப்பு அதில் இருக்கிறது. அமெரிக்காவிலோ ஸ்வீடனிலோ ஒரு சாதாரண ஆள் அந்தப் பொறுப்போடு கடைக்குப் போய்க் கேட்கலாம். நம் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு முதலில் நிறத்தைப் பார்த்தும், பிறகு பணத்தைப் பார்த்தும் கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வந்தது 1991ல்தான். 'யாரும் சுடக்கூடாது' என்ற விதி. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சமமாக வந்த விதி, அதுவும் மானுக்கு நல்லதாக வந்த விதி.

அடுத்த முறை பேங்க் வரிசையில் நிற்கும்போது அந்த 12 போரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். செக்யூரிட்டி அண்ணனிடம் 12 என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், சொல்லத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கிக் கதை ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.